மானும் சிறு றைபிளும்



யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், இணுவிலைக் கடந்து சுன்னாகத்தை அடையுமுன் மருதனார்மடம் என்னும் சந்தி இருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிலே பெண்களுக்கென நிறுவிய கல்லூரியாலும், சுற்றுப்புறத் தோட்டக்காரர் தம் விளைபொருளைக் கொணர்ந்து விற்கும் சந்தையாலும் பெயர் பெற்ற ஊர் அது. செம்மண் தோட்டமும் கிணறும் பனைமரமும் அங்கே உண்டு. காடு இல்லை, மானும் இல்லை. ஆயினும், மான் வேட்டையைப் பற்றிய ஒரு கேள்வி அவ்வூர்த் திண்ணை ஒன்றிலே எழுந்தது. அந்தக் கேள்வியும் அதற்குக் கிடைத்த விடையுமே இன்றைய பேச்சின் பொருள்.

அத்திண்ணைக்கு உரிய பெரியவர் எண்பது வயதைக் கடந்தவர். கனடாவிலே பிறந்து வளர்ந்த அவருடைய மகள்வழிப் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். அந்நாட்டிலே உரிய அனுமதி பெற்று, பருவகாலத்தில் மான் வேட்டைக்குப் போகும் பழக்கம் அவனுக்கு உண்டு. இதனை அறிந்த வன்னிப் பகுதி நண்பர் சிலர், இங்கேயும் ஓர் இரவு காட்டுக்கு வரும்படி அவனை அழைத்தனர். தங்களிடம் .22 றைபிள் ஒன்று இருப்பதாகவும், அதன் சத்தம் சிறிது, தோட்டா மலிவு, நெற்றி விளக்கின் ஒளியிலே மயங்கி நிற்கும் மானுக்கு அதுவே போதும் என்றும் அவர்கள் சொன்னார்கள். இளைஞனின் மனம் ஊசலாடியது. மாலையிலே பாட்டனாரின் அருகில் வந்து அமர்ந்தான்.

“அம்மப்பா, .22 றைபிளாலே மானைச் சுடலாமோ?”

பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின், “சுடலாமோ என்று கேட்கிறாயா, செத்துப்போகுமோ என்று கேட்கிறாயா? இரண்டும் வெவ்வேறு கேள்வி, ராசா” என்றார்.

இவ்விரண்டு கேள்விகளையும் பிரித்தறிவதற்குத் துப்பாக்கியின் இயல்பை ஓரளவு தெரிந்துகொள்ளல் வேண்டும். றைபிளின் குழல் விட்டத்தை அங்குலத்தின் நூற்றிலொரு பங்குக் கணக்கிலோ மில்லிமீற்றரிலோ குறிப்பது வழக்கம். .22 என்பது ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு, அதாவது 5.6 மில்லிமீற்றர். இலக்குப் பயிற்சிக்கும் முயல், அணில் போன்ற சிற்றுயிர்களுக்குமாகப் பெயர்பெற்ற அத்தோட்டாவின் குண்டு பெரும்பாலும் 40 கிறெயின் எடை உடையது. ஏறக்குறைய இரண்டரைக் கிராம். அது வினாடிக்கு 330 முதல் 380 மீற்றர் வேகத்திலே குழலை விட்டுப் புறப்படுகிறது. அப்போது அதனிடம் உள்ள ஆற்றல் 200 யூலுக்கும் குறைவு.

இனி, இரு உலகப் போர்களிலும் பிரித்தானியப் படைகள் ஏந்திய .303 றைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு 174 கிறெயின். பதினொரு கிராமுக்குச் சற்று மேல். ஆற்றலோ 3,000 யூலுக்கு மேற்படும். குழலின் விட்டம் ஒன்றரை மடங்குகூடப் பெருகவில்லை. ஆற்றல் பதினைந்து மடங்குக்கு மேலாகப் பெருகிவிட்டது.

எனவே, குழலின் விட்டத்தை மாத்திரம் வைத்து ஒரு துப்பாக்கியைச் சிறிது என்றோ பெரிது என்றோ முடிவு செய்துவிட முடியாது. இதற்கு மேலும் தெளிவான சான்று .223 என்னும் தோட்டா. அதன் விட்டமும் .22இன் விட்டமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால், அதன் பின்னே உள்ள வெடிமருந்து மிகுதியாதலால் குண்டு வினாடிக்கு ஆயிரம் மீற்றரை அணுகும் வேகத்தில் பாய்கிறது. ஆற்றல் 1,700 யூலை எட்டுகிறது. “சிறு குழல் றைபிள் மானுக்குப் போதுமா?” என்று பொதுப்படக் கேட்பவருக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாமைக்கு இதுவே காரணம். எந்தத் தோட்டா, எந்தக் குண்டு, எத்தனை தூரம், எந்த மான் என்று நான்கு கேள்விகளை அதற்குள்ளிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

எந்த மான் என்பது இலங்கையைப் பொறுத்தவரை பெரிய கேள்வி. காட்டிலே சருகுக்குள் ஒளிந்து திரியும் சருகுமான் இரண்டு மூன்று கிலோகிராம் எடைக்கு மேற்படாதது. விலங்கியலார் அதனை உண்மையான மானினத்திலே சேர்ப்பதுமில்லை. புள்ளிமானின் ஆண் எழுபது கிலோகிராம் வரை வளரும். மரையோ மிகப் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் மரை 200 கிலோகிராமை எட்டவல்லது. முயலுக்கு அம்பையும் யானைக்கு வேலையும் வைத்துத் திருவள்ளுவர் ‘படைச்செருக்கு’ அதிகாரத்திலே பேசுகிறார். விலங்குக்குத் தக்க படை என்பது தமிழருக்குப் புதிய எண்ணமன்று.

குண்டு ஒரு விலங்கை எவ்வாறு கொல்லுகிறது என்பதையும் பலர் பிழையாக விளங்கிக்கொள்கின்றனர். அடியின் வேகத்தால் மான் அப்படியே சுருண்டு விழும் என்பது அவர்களின் நினைப்பு. மூளையோ முள்ளந்தண்டோ உடைந்தாலன்றி அவ்வாறு நிகழ்வதில்லை. பெரும்பாலும் மான் இறப்பது குருதி இழப்பினாலேயாகும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சுக் கூட்டினுள், இருதயமும் நுரையீரலும் அமைந்த இடம் ஏறக்குறைய ஒரு சாண் அகலமானது. அங்கே அகன்ற புண் ஏற்பட்டால் குருதி விரைந்து வெளியேறும். மூளைக்குக் குருதி செல்வது தடைப்படும். சிறிது தூரம் ஓடி மான் விழுந்துவிடும். அந்த ஒரு சாணுக்கு வெளியே, வயிற்றிலோ தொடையிலோ பட்டால், சாவு வருதற்குப் பல மணிநேரமும் செல்லலாம். பல நாளும் செல்லலாம்.

.22இன் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. அதனால் மான் சாகாது என்பதன்று. தலையிலே, மிக அருகிலிருந்து, சரியான இடத்திற் பட்டால் மான் விழவும் கூடும். ஆயின், அந்த இடம் ஒரு கைப்பிடி அளவுகூட இல்லாதது. உயிருள்ள தலையோ ஓயாது அசைவது. இடம் சிறிது தவறினால் தாடை உடையும். உடைந்த தாடையோடு மான் ஓடிப்போகும். நெஞ்சிலே பட்டாலும் அச்சிறு குண்டு தோளெலும்பிலே தடைப்படக் கூடும். புகுந்த துளையும் விரைவில் மூடிக்கொள்ளும். நிலத்திலே குருதித் துளி சிந்தாமையால், அடிபட்ட மானைத் தேடிச் செல்ல விரும்புபவனுக்கும் வழி தெரியாது போய்விடும்.

பேரன் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தான். ஆபிரிக்காவிலே பெல் என்னும் வேட்டைக்காரர் .275 றைபிளைக் கொண்டு நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தியதாக அவன் படித்திருந்தான். “கைதேர்ந்தவன் கையிலே சிறு துவக்கும் போதும் அல்லவா, அம்மப்பா?”

பெல் அவ்வாறு செய்தது உண்மை. ஆனால், .275 என்பது 7 மில்லிமீற்றர் குழல். யானைக்கெனச் செய்யப்பட்ட பெருந்துப்பாக்கிகளோடு ஒப்பிடும்போது மாத்திரமே அது சிறியது; .22 தோட்டாவைவிடப் பன்மடங்கு ஆற்றல் உடையது. அன்றியும், பெல் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எப்பக்கத்திலிருந்து எக்கோணத்திற் சுட்டால் குண்டு மூளையைச் சென்றடையும் என்று கற்றவர். அவருடைய துப்பாக்கியை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அவருடைய கல்வியை விட்டுவிட்டவர்கள் காட்டிலே விட்டுச்சென்றவை காயம்பட்ட யானைகளேயாம்.

இதனை உணர்ந்தே சில நாடுகள் இக்கேள்வியை வேட்டைக்காரரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டத்தில் எழுதிவைத்துள்ளன. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 1991ஆம் ஆண்டு மான்கள் சட்டம், மான் வேட்டைக்குரிய றைபிளின் குழல் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. குண்டின் ஆற்றலும் 1,700 அடி இறாத்தலுக்கு, அதாவது ஏறக்குறைய 2,300 யூலுக்குக் குறையலாகாது. கேளையாடு போன்ற சிறு மானினங்களுக்கு மாத்திரம் .220 அங்குலக் குழலும் 1,000 அடி இறாத்தல் ஆற்றலும் போதும் என 2007ஆம் ஆண்டிலே விலக்கு அளிக்கப்பட்டது. அச்சிறு விலங்குக்கு வகுத்த அளவுகூட .22 பயிற்சித் தோட்டாவின் ஆற்றலைப்போல ஏழு மடங்குக்கு மேற்பட்டது. பேரன் வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலும் .22 போன்ற விளிம்புவெடித் தோட்டா றைபிளால் மானைச் சுடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அவனும் இதை அறிவான். “அங்கே செய்யாததை இங்கே செய்யக் கேட்கிறாய்” என்றார் பெரியவர். அவன் தலைகுனிந்தான்.

இங்கிலாந்துச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. மானைச் சுடும் குண்டு, மெல்லிய நுனியோ குழிந்த நுனியோ உடையதாய், உடலுக்குள் புகுந்ததும் விரிவதாய் இருத்தல் வேண்டும். உடலுக்குள் விரியும் குண்டு என்றவுடன் நேயர்கள் சிலருக்கு வேறொரு நினைவு வரலாம். கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம் என்னுமிடத்துப் படைக்கலத் தொழிற்சாலையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அத்தகைய குண்டுகள் செய்யப்பட்டன. அவ்வூரின் பெயரே அவற்றுக்கு வழங்கலாயிற்று. 1899ஆம் ஆண்டிலே ஹேக் நகரில் கூடிய நாடுகள், மனித உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரிலே பயன்படுத்தலாகாது எனப் பிரகடனம் செய்தன.

மனிதனைச் சுடக் கூடாது என்று விலக்கிய குண்டை, மானைச் சுடுபவன் கட்டாயம் பயன்படுத்தவேண்டும் என்று விதிப்பது எவ்வாறு பொருந்தும்? இரண்டு விதிகளும் இரக்கத்திலிருந்தே பிறந்தவை. போரிலே எதிரியைப் போரிட முடியாதவனாக்கினால் போதும். அதற்கு மேலான புண் வீண் துன்பம். காயம்பட்ட போர்வீரனைத் தூக்கிச் செல்லத் தோழருண்டு, மருந்திட வைத்தியர் உண்டு. காயம்பட்ட மானுக்கு யாருமில்லை. ஆகவே, அதனைச் சுடத் துணிந்தவன் விரைந்த சாவைத் தவிர வேறெதையும் அதற்குக் கொடுக்க உரிமையில்லாதவன். விரியாத குண்டாயின், .303 போன்ற பெரிய றைபிளும் ஊசி துளைத்தாற்போல் மானைத் துளைத்துச் சென்று, அதனைக் குற்றுயிராக ஓடவிட்டுவிடக் கூடும்.

பெரியவர் இவற்றையெல்லாம் கணக்குப் போட்டு அறிந்தவரல்லர். அவர் அறிந்தது ஒரே ஒரு மானை. அன்று மாலை, விளக்கு வைத்த பின், அதனைப் பேரனுக்குச் சொன்னார்.

1958ஆம் ஆண்டு. அவருக்கு அப்போது பதினேழு வயது. அனுமதிப்பத்திரம் பெற்றுப் பருவகாலத்தில் வேட்டையாட இடமிருந்த காலம் அது. தாய்மாமனோடும் அவருடைய நண்பர் ஒருவரோடும் வன்னிக்குச் சென்றார். மாலை மங்கும் வேளையிலே குளக்கரைக்கு ஒரு கலைமான் நீரருந்த வந்தது. மாமனார் தம் துவக்கை எடுக்குமுன் நண்பர் தமது .22 றைபிளாலே சுட்டுவிட்டார். காய்ந்த மட்டை முறிந்தாற்போல ஒரு சிறு சத்தம். மான் ஒருமுறை துள்ளிப் பற்றைக்குள் மறைந்தது. நிலத்திலே குருதி இல்லை. இருளும்வரை தேடினார்கள். “குண்டு படவில்லை, தப்பிவிட்டது” என்று நண்பர் சொன்னார்.

மூன்றாம் நாட் காலையில், அதே குளத்தின் மறுகரையிலே, சேற்றில் அம்மானைக் கண்டார்கள். அடிபட்ட விலங்கு தாகத்தால் நீரை நாடிவரும். அது இன்னும் சாகவில்லை. வயிற்றிலே பயற்றங்கொட்டை அளவான துளை. அதைச் சுற்றி ஈயும் புழுவும். ஆட்கள் அணுகியபோது எழுந்து ஓட முயன்றது. முன்னங்கால்கள் மாத்திரமே எழுந்தன. மாமனார் அதன் துன்பத்தை முடித்துவைத்தார். அந்த இறைச்சியை எவரும் தொடவில்லை. வண்டியிலே வீடு திரும்பும்வரை மாமனார் ஒரு சொல்லும் பேசவில்லை. மருதனார்மடத்துச் சந்தியிலே இறங்கும்போதுதான் நண்பரைப் பார்த்து, “தப்பிவிட்டது என்றீரே” என்றார். அவ்வளவே.

“அந்த மூன்று நாளும் நாங்கள் மூன்று வேளையும் சாப்பிட்டோம், தம்பி. அதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது” என்று பெரியவர் முடித்தார்.

தமிழிலக்கியத்தை அறிந்த நேயர்களுக்கு இவ்விடத்திலே ஒரு துறை நினைவுக்கு வரும். மாணிக்கவாசகர் அருளிய திருக்கோவையாரிலே ‘கலைமான் வினாதல்’ என்று ஒரு துறை உண்டு. தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, அம்புபட்ட கலைமான் ஒன்று இப்பக்கம் வந்ததா என்று தலைவியிடமும் தோழியிடமும் வினவுகின்றான். மானைத் தேடுவது அவன் நோக்கமன்று. பேச்சுத் தொடங்க அது ஒரு சாட்டு. ஆயினும், அந்தச் சாட்டு எடுபடுவதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். அம்பெய்தவன் அடிபட்ட விலங்கைத் தொடர்ந்து செல்வான், ஊர் ஊராய் விசாரிப்பான் என்பது எல்லாரும் ஒப்பும் வழக்கமாய் இருந்தமையாலன்றோ அப்பொய் நம்பத்தக்கதாயிற்று? எய்தவனுக்கு அம்பு கைவிட்டதோடு கடமை முடிவதில்லை என்பதை அத்துறை சொல்லாமற் சொல்லுகிறது. நெற்றி விளக்கோடு இருளிலே சுட்டு, கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு, கிடைக்காததைத் ‘தப்பிவிட்டது’ என்று கூறித் திரும்புபவன் யாரிடம் போய் வினவுவான்?

.22 றைபிளை மறைவேட்டைக்காரர் விரும்புதற்குக் காரணம் அது மானுக்கு ஏற்றது என்பதன்று. அதன் சத்தம் தூரத்தில் கேளாது என்பதே. காவலரின் காதுக்கு எட்டாமையே அதன் சிறப்பு. ஆளில்லாத இடத்திலே கயிறு கட்டிப் பொருத்தும் கட்டுத்துவக்கு இதைவிடக் கொடியது. அதற்குக் கண்ணில்லை, வருவது மானா, மரையா, விறகு பொறுக்க வந்த மனிதனா என்று அது பார்ப்பதில்லை.

இலங்கையிலே வேட்டைக்கு வரம்பு கட்டியவர்கள் வேட்டையாடாதவர்கள் மாத்திரமல்லர். நுவரெலியாவிலே குடியேறி, பெருந்துப்பாக்கிகளாலும் வேட்டை நாய்களாலும் எண்ணற்ற விலங்குகளை வீழ்த்திய சாமுவேல் பேக்கர், அவ்வேட்டைகளைப் பெருமையோடு எழுதி 1854ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். நாற்பது ஆண்டுகள் செல்ல, 1894ஆம் ஆண்டிலே, காட்டு விலங்குகள் அருகி வருவதைக் கண்ட வேட்டைப் பிரியர்களே கூடி ஒரு பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார்கள். 1909இல் வேட்டை விலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் வந்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதனினும் விரிந்தது. மறு ஆண்டிலே வில்பத்துவும் யாலவும் தேசிய வனங்களாயின. 1949இல் வனசீவராசிகளுக்கெனத் தனித் திணைக்களமும் அமைந்தது. அச்சட்டம் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. இன்று இந்நாட்டிலே புள்ளிமானையோ மரையையோ கொல்லுதல் குற்றமாகும். அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலும் 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வேறொரு குற்றமாகும்.

ஆகவே, பேரன் கேட்ட கேள்விக்கு விடையை இப்படித் தொகுத்துக் கூறலாம். .22 பயிற்சி றைபிள் எந்த நாட்டு மானுக்கும் ஏற்றதன்று. அதே குழல் விட்டமும் மிகுந்த ஆற்றலும் உடைய றைபிள்கள், சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளிலே, விரியும் குண்டோடு, குறுகிய தூரத்திலே, சிறிய மானுக்கு மாத்திரம் பொருந்தலாம்; பெரிய மானுக்குப் பொருந்தா. இலங்கைக் காட்டு மானுக்கோ சிறிதாயினும் பெரிதாயினும் ஏற்ற துப்பாக்கி ஒன்றுமில்லை.

மான் மனிதனுக்கு அஞ்சாமல் வாழ்வதைக் காணவேண்டுமாயின், திருகோணமலைக்குச் செல்லுதல் போதும். கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் வழியிலே, கோட்டை வாயிலை அடுத்த மர நிழலிலே, புள்ளிமான்கள் மனிதரின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கு நெற்றி விளக்கு வேண்டியதில்லை.

அன்றிரவு பேரன் நண்பர்களைத் தொலைபேசியில் அழைத்தான். வரவில்லை என்றான். “ஏன், பயமோ?” என்று அவர்கள் சிரித்தது பெரியவருக்கும் கேட்டது. அவன் அதற்கு ஒன்றும் சொல்லாமல், “நீங்களும் போகாதேங்கோ” என்று மாத்திரம் கூறி வைத்துவிட்டான். அவர்கள் போனார்களோ இல்லையோ தெரியாது. பெரியவர் அவனைப் புகழவுமில்லை. மேற்கொண்டு அறிவுரை சொல்லவுமில்லை.

மறுநாள் ஊர்க் கோயிலிலே கந்தபுராண படனம். படித்துப் பயன் சொல்லும் வேளை வள்ளியம்மை திருமணப் படலத்துக்கு வந்திருந்தது. மானின் வயிற்றிலே பிறந்து, வேடர் வீட்டிலே வளர்ந்த அம்மையின் கதையை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டு வளர்கிறார்கள். கனடாவிலே வளர்ந்த அந்த இளைஞனுக்கு அது புதிது. வேடர் தலைவன் நம்பி வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே குழந்தையைக் கண்டெடுத்த இடத்தைப் புராணிகர் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவன் பாட்டனாரின் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலிலே கேட்டான்:

“அம்மப்பா, அந்தத் தாய்மானுக்குப் பிறகு என்ன நடந்தது?”

பெரியவர், “கேள், ராசா, சொல்லுவார்” என்றார்.